கணிப்பொறியில் குரற்பதிவு: சிதைவும் தீர்வும்

முன்னுரை

எழுத்தொலிகள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில் விளக்கியுள்ளார். உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் முயற்சியால் வெவ்வேறு எழுத்துகளாக வெளிப்படுகின்றது என்பது அவர்தம் கருத்தாகும். வாயினின்று வெளிப்பட்ட ஒலி கேட்போர் செவியை அடைந்ததும் மறைந்துபோவது பண்டைய நிலை. இன்றோ அவ்வொலி இரண்டாம் முறையும் பிறக்கின்றது. ஒலிவாங்கியுள் புகுந்து மின்னலையாகி, பின் எண்களாகி, கணிப்பொறியில் தங்கி, வேண்டியபோதெல்லாம் மீண்டும் குரலாகின்றது. முதற்பிறப்பின் இலக்கணத்தைக் கற்கும் நாம், இவ்விரண்டாம் பிறப்பின் இலக்கணத்தையும் ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். அறியாமையால் நேரும் இழப்பு எத்தகையது என்பதை யாம் பட்டறிந்துள்ளோம்.

2018ஆம் ஆண்டில் எம் மாணவர் ஒருவரின் வாப்பும்மா, தம் ஊரில் வழங்கிய தாலாட்டுகளைப் பாட இசைந்து எம் இல்லத்திற்கு வந்திருந்தார். அகவை எண்பதைக் கடந்தவர். பேசும்போது குரல் மிக மெலிந்திருந்தது. ஆதலின் கணிப்பொறியின் ஒலிவாங்கி அமைப்பை உச்ச அளவிற்கு உயர்த்தினோம். பாடத் தொடங்கியதும் அந்த மெலிந்த குரல் எழும்பி அறையை நிறைத்தது. ஐந்து பாடல்கள் பாடினார். யாம் மெய்ம்மறந்து கேட்டோமேயன்றிக் கணிப்பொறியின் திரையை நோக்கினோமல்லோம். அன்றிரவு பதிவை இயக்கியபோது, குரல் உயர்ந்த இடங்களிலெல்லாம் கிழிந்த துணி காற்றில் படபடப்பது போன்ற ஓசையே கேட்டது. ஒலிபெருக்கி பழுதென்று எண்ணி வேறொன்று வாங்கினோம், கம்பியை மாற்றினோம், மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினோம். பயனில்லை. ஆறு திங்கள் கழித்து அவர் ஊருக்கே சென்றபோது நான்கு பாடல்களைப் பாடித் தந்தார். ஐந்தாவதான நெடும்பாட்டு அவர் நினைவுக்கு வரவில்லை. மறு ஆண்டில் அவர் காலமானார்.

கடல்மேற் சென்ற தந்தையைப் பற்றி அப்பாட்டில் வரும் ஓர் அடியில் கடல் அவனை ‘அழைத்தது’ என்றாரா, ‘அலைத்தது’ என்றாரா என்பது இன்றும் எமக்கு விளங்கவில்லை. ழகரத்தைத் தெளிவாக ஒலிப்பவர் அவர். தெளிவின்மை அவர் நாவில் இல்லை. எம் பதிவில் உள்ளது. வீட்டுக் கணிப்பொறியில் குரலைப் பதியும்போது சிதைவு தோன்றும் காரணங்களையும், அவற்றைக் கண்டறிந்து களையும் முறைகளையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலி செல்லும் வழி

சிதைவின் காரணத்தை அறிய ஒலி செல்லும் வழியை முதற்கண் அறிதல் வேண்டும். பாடுவோர் வாயிலிருந்து வரும் காற்றதிர்வை ஒலிவாங்கி மிகச் சிறிய மின்னழுத்தமாக மாற்றுகின்றது. அது பெரும்பாலும் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கே இருக்கும். அதனை முன்பெருக்கி பன்மடங்கு பெருக்குகின்றது. பெருக்கப்பட்ட மின்னலையை ஒலி அட்டையிலுள்ள மாற்றி எண்களாக அளக்கின்றது. அவ்வெண்களை இயக்கமுறைமை வாங்கிப் பதிவு மென்பொருளிடம் ஒப்படைக்க, மென்பொருள் அவற்றைக் கோப்பாக எழுதுகின்றது. யு.எஸ்.பி. ஒலிவாங்கியாயின் முன்பெருக்கியும் மாற்றியும் அதனுள்ளேயே அமைந்திருக்கும்.

ஒலிவாங்கி, முன்பெருக்கி, மாற்றி, இயக்கமுறைமை, மென்பொருள் என்னும் இவ்வைந்தில் எங்கேனும் பிழை நேரலாம். முன்னிடத்தில் நேர்ந்த பிழையைப் பின்னிடத்தில் திருத்த முயல்வது, ஊற்றிலேயே கலங்கிய நீரை வாய்க்காலில் தெளிவிக்க முனைவதற்கு ஒப்பாகும்.

எண்ணாகும் ஒலி

இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்பர் இலக்கண நூலார். ஒலியைக் காலத்தால் அளந்த அவ்வறிவின் விரிவாகவே கணிப்பொறியின் அளவையையும் கொள்ளலாம். 1982இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகடு ஒரு வினாடியை 44,100 கூறுகளாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் அலையின் உயரத்தை ஓர் எண்ணால் குறித்தது. இவ்வாறு குறிக்கப்படும் ஒவ்வோர் அளவும் மாதிரி எனப்படும். மாந்தர் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கேட்கவல்லது. ஓர் அலையைப் பிழையின்றிக் குறிக்க அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்கிற்கு மேற்பட்ட மாதிரிகள் வேண்டும் என்பதே இவ்வெண்ணிக்கைக்குக் காரணம். பாதுகாப்பிற்குரிய பதிவுகளுக்கு வினாடிக்கு 48,000 மாதிரிகளும் 24 பிட் அளவும் குறைந்தபட்சத் தேவையெனப் பன்னாட்டு ஒலி, ஒளிக் காப்பகச் சங்கம் பரிந்துரைக்கின்றது.

பிட் என்பது உயரத்தை அளக்கும் நுட்பத்தைக் குறிக்கும். 16 பிட் அளவில் 65,536 படிகள் உண்டு; 24 பிட் அளவில் 1,67,77,216 படிகள் உண்டு. படிகள் எத்துணையாயினும் உச்சப் படிக்கு மேல் ஏற வழியில்லை. அவ்வுச்சமே மென்பொருளின் அளவுகாட்டியில் சுழி டெசிபெல் எனக் குறிக்கப்படுவது. ஆதலால் நாம் காணும் அளவுகள் யாவும் சுழிக்குக் கீழ், கழித்தற் குறியுடன் அமையும். கழித்தல் 6 டெசிபெல் என்பது உச்ச உயரத்தில் ஏறத்தாழப் பாதியாகும்.

நோய் நாடல்

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியையும் அறிந்து, அதன் பின்னரே செயற்படுதல் வேண்டும் என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி இங்கும் பொருந்துவதாகும். யாம் செய்த தவறு, நோய் நாடாமல் மருந்து தேடியதே.

முதலில் எழ வேண்டிய வினா, சிதைவு பதிவில் உள்ளதா, கேட்கும் கருவியில் உள்ளதா என்பதாகும். நன்றாக ஒலிக்குமென்று முன்பே அறிந்த வேறொரு பாடலை அதே ஒலிபெருக்கியில் இயக்குக. அதுவும் கிழிந்தொலித்தால் பழுது கேட்கும் கருவியில் உள்ளது. அது நன்றாக ஒலித்து நம் பதிவு மட்டும் கெட்டிருப்பின் பழுது பதிவிலேயே உள்ளது. ஐயம் தீர, அப்பதிவை ஹெட்போனிலும் வேறொரு கருவியிலும் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவதாக, அலையின் வடிவத்தைக் கண்ணால் காண்க. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் கட்டணமற்ற மென்பொருள் இதற்குப் போதும். செவி ‘கெட்டுள்ளது’ என்று மட்டுமே சொல்லும். கண்ணோ எவ்வாறு கெட்டது என்பதையும் பெரும்பாலும் காட்டிவிடும்.

மூன்றாவதாக, ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றி, அரை நிமிடம் பதிந்து கேட்டு, பயனை எழுதி வைத்தல் நன்று. கம்பியையும் அமைப்பையும் மென்பொருளையும் ஒருங்கே மாற்றினால் குறை நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாது.

சிதைவின் வகைகள்

1. முகடு வெட்டுண்ட ஒலி

வீட்டுப் பதிவுகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. அலை உச்சப் படியைத் தாண்ட முயலும்போது அதன் முகடு வெட்டுண்டு தட்டையாகின்றது. மலைச் சிகரம் இருக்க வேண்டிய இடத்தில் மேசை நிற்பது போன்ற தோற்றம் உண்டாகும். தட்டையான அலை, குரலில் இல்லாத பல புதிய உயரொலிகளைத் தோற்றுவிக்கின்றது. அவையே நாம் கேட்கும் கரகரப்பு. லகர, ளகர, ழகர வேறுபாடுகளைக் காட்டும் நுண்கூறுகள் அவற்றின் அடியில் மறைந்துபோகின்றன.

ஈண்டு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. முகடுகள் உச்சப் படியிலேயே தட்டையாயின், அலை மாற்றியின் எல்லையை மீறியதென்று பெரும்பாலும் கொள்ளலாம். அதற்குக் கீழே, சான்றாகப் பாதி உயரத்திலேயே தட்டையாக இருப்பின், முகடு முன்னரே எங்கோ வெட்டுண்டு, பின்னர் அளவு குறைக்கப்பட்டுள்ளது என்பது தெளிவு. இந்நிலையில் மென்பொருளின் அளவைக் குறைப்பதால் பயனில்லை. வெட்டுண்ட முகடு சிறிதாகத் தெரியுமேயன்றி மீண்டும் வளராது. எமக்கு நேர்ந்தது இதுவே. மைக் பூஸ்ட் என்னும் அமைப்பை 30 டெசிபெல்லில் வைத்திருந்தோம். 20 டெசிபெல் என்பது மின்னலையைப் பத்து மடங்காகவும், 30 டெசிபெல் என்பது ஏறத்தாழ 32 மடங்காகவும் பெருக்கும். மெலிந்த பேச்சுக்குப் பொருந்திய அளவு, உயர்ந்த பாட்டுக்குப் பகையாயிற்று.

தீர்வு எளிது. மைக் பூஸ்டைச் சுழியாக்கி, உள்ளீட்டு அளவைப் படிப்படியாக உயர்த்துக. ஒலிவாங்கியிலேயே திருகு இருப்பின் அதனை முதலிற் குறைக்க வேண்டும். மிக உரத்த இடத்திலும் அளவுகாட்டி கழித்தல் 12 முதல் கழித்தல் 6 வரையுள்ள எல்லையைத் தாண்டாதிருத்தல் வேண்டும். ஆடாசிட்டி 32 பிட் மிதவை எண்களில் எழுதுவதால் வெட்டு நேராதென்று சிலர் கருதுவர். மாற்றியில் வெட்டுண்ட பின் வரும் எண்களை எந்த வடிவில் எழுதினும் பயனொன்றே.

பழைய ஒலிநாடாக்களைக் கணிப்பொறிக்கு மாற்றுவோர்க்கும் இப்பிழை நேர்வதுண்டு. ஒலிநாடாக் கருவியின் வெளியீட்டு மின்னழுத்தம் ஒலிவாங்கியினுடையதைவிட ஏறத்தாழ நூறு மடங்காக இருக்கலாம். அதனைக் கணிப்பொறியின் இளஞ்சிவப்பு நிற ஒலிவாங்கித் துளையில் செருகினால் முகடு வெட்டுண்ணும். நீல நிறத் துளையே அதற்குரியது.

2. விடுபாடும் வெடிப்பும்

குரல் தெளிவாகவே இருந்து, இடையிடையே ‘டிக்’ என்னும் ஓசையோ சிறு விடுபாடோ தோன்றின், அது அளவின் பிழையன்று. மாற்றி தரும் எண்கள் பஃபர் எனப்படும் தற்காலிகச் சேமிப்பிடத்தில் தங்கி, கணிப்பொறி வந்து எடுக்கும் வரை காத்திருக்கின்றன. வேறு பணியில் ஈடுபட்ட கணிப்பொறி உரிய காலத்தில் எடுக்கத் தவறினால் சில எண்கள் இழக்கப்படுகின்றன. 48,000 மாதிரி வீதத்தில் 256 மாதிரிகள் கொள்ளும் சேமிப்பிடம் 5.3 மில்லி வினாடியில் நிரம்பிவிடும். 1,024 மாதிரிகள் கொள்வது 21.3 மில்லி வினாடி தாங்கும். எனவே அச்சேமிப்பிடத்தைப் பெரிதாக்குவதும், பிற மென்பொருள்களையும் இணைய இணைப்பையும் பதிவு முடியும் வரை நிறுத்தி வைப்பதும் தக்க தீர்வுகளாகும். யு.எஸ்.பி. கருவியைக் கிளைப்பெட்டியின் வழியாக அன்றி நேரே கணிப்பொறியில் செருகுவதும் நன்று.

3. நீருள் மூழ்கிய குரல்

சில பதிவுகளில் குரல் கிழியாது. ஆயின் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கி, சொல்லின் ஈறுகள் தேய்ந்து கேட்கும். இரைச்சலை அடக்கவும் எதிரொலியை நீக்கவும் கணிப்பொறி தானே செய்யும் திருத்தங்களே இதற்குக் காரணம். அவை உரையாடலுக்கென அமைந்தவை. நீட்டிப் பாடும் இசையையும், மெல்லத் தேயும் இறுதி ஒலியையும் இரைச்சல் என்று தவறாகக் கருதி அவை அகற்றிவிடுதல் கூடும். ஒலிவாங்கியின் அமைப்பில் மேம்பாடுகள் என்னும் பகுதியை நிறுத்திவிடின் குறை நீங்கும்.

புளூடூத் வகை ஒலிவாங்கியாலும் இத்தகைய மங்கல் நேரலாம். பழைய வகைக் கருவிகள் அழைப்பு நிலையில் வினாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளையே அனுப்புகின்றன. 8,000 மாதிரிகளில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் இடம்பெறாது. ஸகரத்தின் ஆற்றல் பெரும்பாலும் அதற்கு மேற்பட்ட பகுதியிலேயே உள்ளது. ஸகரமும் ஃபகரமும் பயிலும் முனாஜாத்துகளையும் கிஸ்ஸாக்களையும் இவ்வாறு பதிவோர், எழுத்து வேறுபாடுகளை இழக்க நேரிடும். கம்பியுள்ள ஒலிவாங்கியே பதிவுக்கு ஏற்றது.

4. சுருதியும் விரைவும் மாறுதல்

44,100 மாதிரி வீதத்தில் பதியப்பட்டதை 48,000 எனக் கொண்டு இயக்கினால் பாட்டு விரைந்து, குரல் உயர்ந்து ஒலிக்கும். பத்து நிமிடப் பாடல் ஏறத்தாழ 9 நிமிடம் 11 வினாடியில் முடிந்துவிடும். இயக்கமுறைமையிலும் மென்பொருளிலும் மாதிரி வீதம் ஒன்றாகவே உள்ளதா என்று பார்த்துச் சரிசெய்தல் வேண்டும். இவ்வாறு வீதம் தவறாகக் குறிக்கப்பட்ட பதிவில் எண்கள் கெடுவதில்லை. வீதத்தைத் திருத்தினாலே குரல் பழைய நிலைக்கு வந்துவிடும்.

5. முரலொலியும் காற்றோசையும்

வண்டு முரல்வது போன்ற தொடரொலி, வீட்டு மின்னோட்டத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வாலும் அதன் மடங்குகளாலும் உண்டாவது. மடிக்கணிப்பொறியாயின் மின்னூட்டியைக் கழற்றிவிட்டுப் பதிந்து பார்க்கலாம். ஒலி நின்றுவிட்டால் காரணம் மின்னூட்டியோ நில இணைப்போ ஆகும். பகரம் போன்ற இதழொலிகளில் ‘குபுக்’ என்னும் ஓசை தோன்றின், மூச்சுக்காற்று ஒலிவாங்கியை நேரே தாக்குகின்றது என்பது பொருள். ஒலிவாங்கியை வாய்க்கு நேர் எதிரே வையாமல், ஒரு சாண் தொலைவில், சற்றுப் பக்கவாட்டில் வைத்தல் தகும்.

தீர்வனவும் தீராதனவும்

மேற்கூறிய சிதைவுகளைத் தீர்வன, தணிவன, தீராதன என மூவகைப்படுத்தலாம். வீதம் மாறிய பதிவும், மெலிதாக அமைந்த பதிவும் தீர்வன. முரலொலியும் நிலையான இரைச்சலும் பின்னர் ஓரளவு தணிவன. முகடு வெட்டுண்டதும், எண்கள் விடுபட்டதும், திருத்தம் என்னும் பெயரால் தேய்க்கப்பட்டதும் தீராதன. வெட்டுண்ட முகட்டை ஊகித்து வரையும் கருவிகள் மென்பொருள்களில் உள்ளன. ஓரிரு முகடுகளாயின் அவை உதவும். பாட்டின் அடி முழுவதும் வெட்டுண்டபோது அவை தருவது ஊகமே; பாடியவர் குரலன்று.

இதனைத் தமிழ் பயில்வோர்க்கு விளக்க ஏட்டுச்சுவடியினும் சிறந்த ஒப்புமை இல்லை. செல்லரித்த இடத்தில் உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் தாமே சொல்லிட்டு நிரப்ப விரும்பாமல், வேறு ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினர். அவர்களுக்கு ஒப்பிட வேறு ஏடுகள் கிடைத்தன. ஒருவர் நினைவில் மட்டும் வாழ்ந்த வாய்மொழிப் பாட்டுக்கு வேறு ஏடு ஏது? ‘அழைத்தது’, ‘அலைத்தது’ ஆகிய இரண்டையும் ஐயக்குறியுடன் எழுதி வைப்பதன்றி எம்மால் இயன்றது வேறொன்றுமில்லை.

மூவகைகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். குறைந்த அளவில் பதிந்தது பெரும்பாலும் தீரும். மிகுந்த அளவில் பதிந்தது தீராது. 24 பிட் அளவில் படிகள் மிகப் பலவாதலின் சற்றே மெலிதாகப் பதிவதால் இழப்பு ஏதுமில்லை. ஒலிநாடாக் காலத்தில் நாடாவின் இரைச்சலை மறைக்க அளவை உயர்த்திப் பதிவது வழக்கமாயிருந்தது. அப்பழக்கத்தைக் கணிப்பொறிக்கும் கொண்டுவருதலே பலர் செய்யும் பிழை.

பதிவிற்குரிய நெறிகள்

களப்பணி மேற்கொள்ளும் மாணவர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

முதலாவதாக, பேச்சைக் கேட்டு அளவை அமைத்தல் கூடாது. பாடுவோரிடம் பாட்டின் மிக உயர்ந்த பகுதியைப் பாடச் சொல்லி, அதனைக் கொண்டே அமைத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, அரை நிமிடம் பதிந்ததும் நிறுத்தி, ஹெட்போனில் கேட்டு, அலையின் வடிவையும் பார்த்த பின்னரே தொடர வேண்டும். முதியோரைக் காக்க வைப்பதற்கு நாணி இச்சோதனையைத் தவிர்த்தல் பெருந்தவறு.

மூன்றாவதாக, பதியும்போது ஒருவர் பாட்டையும் மற்றொருவர் அளவுகாட்டியையும் கவனித்தல் வேண்டும். இருவரும் பாட்டில் ஆழ்ந்துவிடுதல் இயல்பே; அவ்வியல்பே எம்மைக் கெடுத்தது.

நான்காவதாக, எம்.பி.3 வடிவில் அன்றி வேவ் வடிவில் சேமித்தல் வேண்டும். 48,000 மாதிரி வீதம், 24 பிட், ஒற்றைத் தடம் என்னும் அமைப்பில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 518 மெகாபைட் இடம் கொள்ளும். இன்றைய சேமிப்புக் கருவிகளுக்கு அஃது ஒரு சுமையன்று.

ஐந்தாவதாக, மூலப்பதிவில் எத்திருத்தமும் செய்யாது இரண்டு படிகளாக வெவ்வேறிடங்களில் வைத்து, மற்றொரு படியிலேயே திருத்தங்களைச் செய்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வீட்டுக் கணிப்பொறியில் நேரும் குரற்சிதைவு புரியாப் புதிரன்று என்பதும், ஒலி செல்லும் வழியை அறிந்து ஒவ்வோரிடமாக நாடினால் காரணம் புலப்படும் என்பதும், தீராத சிதைவுகளைப் பதிவிற்கு முன்னரே தடுத்தல் வேண்டும் என்பதும் பெறப்பட்டன. நம் இல்லங்களிலும் ஊர்களிலும் எழுதப்படாத பாடல்களை நினைவில் கொண்ட உம்மாமாரும் பாட்டிமாரும் இன்னும் உள்ளனர். வரும் விடுமுறையில் மாணவ மணிகள் ஒவ்வொருவரும் ஒரு பாட்டையேனும் பதிந்து துறைக்குக் கொண்டுவருதல் வேண்டும் என்பது எம் விழைவு. பாடச் சொல்லும் முன் மைக் பூஸ்டைச் சுழியாக்குக. உயர்ந்த அடியை ஒருமுறை பாடச் செய்து கேட்டுப் பார்க்க. அவ்வரை நிமிடச் சோதனையை யாம் அன்று செய்திருந்தால், அந்த ஐந்தாம் பாட்டு இன்று ஐயக்குறியின்றி அச்சேறியிருக்கும்.